கமலநாதன் என்று ஒருவர்

மாப்பிள்ளை ஊட்டிவிட்ட ஜாங்கிரி இன்னும் வாயில் இருந்தது. ப்ரிசில்லா குனிந்து கைப்பேசியை நீட்டினாள்.

"உங்க அப்பா மேடம்."

புகைப்படக்காரர் இன்னொரு முறை ஊட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். தாலி கட்டி ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. கழுத்தில் மஞ்சள் ஈரமாகவே இருந்தது.

கல்யாணப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினாள்.

அப்பா திருச்சி ஜங்ஷனில் இருந்தார். சென்னை வண்டி வந்துவிட்டதாம். பெட்டி பெட்டியாகத் தேடிவிட்டாராம். கமலநாதன் என்று யாரும் இறங்கவில்லையாம். அடுத்த வண்டியில் வருவாராக இருக்கும், இருந்து கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றார்.

"நீ கவலப்படாம சாப்புடும்மா."

சரிப்பா என்றாள்.

கமலநாதன் எந்த வண்டியிலும் வரமாட்டார். அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை.

எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றுதான் எந்த வெட்டிங் பிளானரும் சொல்வார். பூ, மேடை, மேளம், பந்தி, வாசலில் பன்னீர் தெளிக்கும் பெண்கள் வரைக்கும். ப்ரிசில்லாவும் அப்படித்தான் சொன்னாள். பேசி முடித்து எழுந்திருக்கும்போது இன்னொன்றும் கேட்டாள். கொஞ்சம் கவனமாகக் கையாள வேண்டிய சொந்தக்காரர் யாராவது உண்டா? எல்லா வீட்டிலும் ஒருத்தர் இருப்பார், கூச்சப்படாமல் சொல்லுங்கள் என்றாள்.

அவள் கூச்சப்படவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது கூச்சமாக இருந்தது.

அப்பா என்று சொன்னாள்.

கெட்ட மனுஷர் இல்லை. முன்கோபி. அக்காவின் நிச்சயதார்த்தத்தில், சாம்பாரில் உப்பு இல்லை என்று மாப்பிள்ளையின் சித்தப்பா முகம் சுளித்தார். பரிமாறிக்கொண்டிருந்த அப்பா கரண்டியைத் தூக்கி எறிந்தார். சம்பந்தம் அத்தோடு போயிற்று. அதன் பிறகு அக்கா யாரையும் பெண் பார்க்க வர விடவில்லை.

தாலி ஏறிவிட்டால் மட்டும் என்ன? சம்பந்திகள் பந்தியிலிருந்து பாதியில் எழுந்து போனால், அந்தப் பேச்சை ஆயுசுக்கும் இவள்தான் கேட்க வேண்டும்.

பெண்ணைப் பெற்றவர் இலை இலையாக நின்று சம்பந்திகளைக் கவனிக்க வேண்டிய நேரம் அது. அந்த நேரத்துக்காக ப்ரிசில்லா ஒரு ஆளையே உண்டாக்கினாள். மாப்பிள்ளை வீட்டுக்கு ரொம்ப வேண்டியவர், பெரிய மனிதர், பெண்ணின் அப்பாவே ஸ்டேஷனுக்குப் போய் அழைத்து வந்தால் மரியாதையாக இருக்கும் என்று அப்பாவிடம் சொன்னாள். தாலி கட்டி முடிந்ததும் அப்பா வேறு சட்டை மாற்றிக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு கிளம்பினார்.

சம்பந்தி பந்தி அமைதியாக நடந்தது. மாமனாரின் தம்பி அப்பளம் நமுத்துப் போயிருக்கிறது என்றார். யாரோ வேறு அப்பளம் கொண்டுவந்து வைத்தார்கள். அவ்வளவுதான்.

அப்பா எங்கே என்று மாமியார் கேட்டார். ஒரு வேலையாகப் போயிருக்கிறார் என்றாள்.

நிம்மதியாக இருந்தது. அப்படி நிம்மதியாக இருப்பது அவளுக்கே பிடிக்கவில்லை.

கடைசிப் பந்தியும் எழுந்த பிறகு அப்பா வந்தார். வெயிலில் முகம் கறுத்திருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அவளே இலை போட்டாள். பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு அவளே பரிமாறினாள். ப்ரிசில்லா தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி நின்றாள்.

சாப்பாட்டில் யாரும் குறை சொல்லவில்லையே என்று அப்பா கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள்.

அவர் சோற்றைப் பிசைந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"கமலநாதன்னு யாரும் கிடையாதும்மா. கெளம்பறப்பவே சம்பந்திகிட்ட கேட்டேன். எங்க பக்கம் எல்லாரும் வந்தாச்சேன்னாரு."

அவள் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள்.

"இந்தப் பொண்ணு கட்டிவிட்ட கதை. நான் இருந்தா பந்தியில வம்பு வரும்னு யாராச்சும் சொல்லியிருப்பாங்க. சரி, முடியட்டும்னு அங்கயே உக்காந்துட்டேன்."

அப்புறம் ஏன் போனில் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டாள். கேட்டது அவள் காதுக்கே சரியாக விழவில்லை.

"நீ என்னை மாதிரி. எங்கப்பாவ எப்படி வெளிய அனுப்பலாம்னு கல்யாணத்தன்னைக்கு இந்தப் பொண்ணுகிட்ட சண்டைக்கு நின்னிருப்ப. உனக்குத் தெரிய வேணாம்னுதான். இப்பவும் திட்டாத, விடு."

ப்ரிசில்லாவுக்குக் கேட்டுவிட்டது. கல்யாணப் பெண்ணை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அப்பாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"என் தப்புதான் அங்கிள். மன்னிச்சிடுங்க."

அதெல்லாம் பெரிய விஷயமா என்றார் அப்பா. காலையிலிருந்து நீ ஒன்றும் சாப்பிட்ட மாதிரி தெரியவில்லை, உட்கார் என்று பக்கத்து நாற்காலியை இடது கையால் இழுத்துப் போட்டார். ப்ரிசில்லா தலையைக் குனிந்தபடி உட்கார்ந்தாள்.

இப்போது சொல்லிவிட வேண்டும்.

அவள் வாயைத் திறந்தாள்.

"மோர் ஊத்தட்டுமாப்பா?" என்றாள்.