ஆறு மெஷினும் டூப்ளிகேட்

டை கட்டிய ஆள் உள்ளே நுழைந்ததுமே, பாஸ்கல் டிராயரில் கிடந்த விண்டோஸ் சீடியை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். பஜாரில் வாங்கிய திருட்டு சீடி.

"சாஃப்ட்வேர் கம்பெனிலேர்ந்து வரேன். செக்கிங்" என்று கழுத்து அட்டையை ஆட்டினான் வந்தவன்.

ராயபுரத்தில் அந்த பிரவுசிங் சென்டரை நடத்துவது பாஸ்கலின் மனைவி ஃப்ளோரன்ஸ். ஹார்பரில் கிரேன் ஓட்டி அவன் சேர்த்ததெல்லாம் அந்த ஆறு மெஷின்தான். சீல் வைத்தால் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும்.

வந்தவன் முதல் மெஷினில் ஸ்டார்ட் பட்டனை அமுக்கி, அங்கே இங்கே தட்டிவிட்டு, செல்போனில் யாரிடமோ முணுமுணுத்தான்.

"திருட்டு விண்டோஸ், மேடம். எங்ககிட்ட ஒரிஜினல் வாங்கி இப்பவே பணம் கட்டணும். இல்லாட்டி சீல்."

"வேற வழியே இல்லியா?" என்று கேட்டாள் ஃப்ளோரன்ஸ்.

"கிடையாது."

"வாங்க மாட்டேன். வெச்சிக்க சீலு."

பாஸ்கலுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஃப்ளோரா, சார்கிட்ட இன்னாத்துக்கு வாயாடிகினு கீற?" என்று கெஞ்சினான்.

போன வருஷம் முழுக்க வாரம் ஒரு வைரஸ் வந்து, சிபியூவை சைக்கிள் கேரியரில் கட்டி ரிப்பேருக்குத் தண்டையார்பேட்டைக்கு இழுத்தவன் அவன்தான். கிறிஸ்மஸ் லீவில் கடையைச் சாத்திக்கொண்டு ஃப்ளோரன்ஸ் எல்லாவற்றையும் 'கழுவி' எடுத்த பிறகு, ஒரு வைரஸும் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது இந்த ஆள் வைரஸாக வந்து நிற்கிறான்.

ஃப்ளோரன்ஸ் இடுப்பில் கை வைத்தாள். "ஆறு மெஷினயும் பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்."

"பசங்க ரிசல்ட்டு பாக்க வந்தவங்க குந்திகினு கீறாங்க. அவங்க காதுல வுழற மாரி சொல்லு."

அவன் டையை இறுக்கிக்கொண்டு உரக்கவே சொன்னான். "ஆறும் விண்டோஸ். ஆறும் டூப்ளிகேட். சீரியல் நம்பரை ஹெட் ஆபீஸ்ல கேட்டாச்சு."

உட்கார்ந்திருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பாஸ்கலுக்கு மானமே போனது.

"யோவ், உள்ளேர்ந்து ஷட்டர எறக்கு" என்றாள் ஃப்ளோரன்ஸ்.

அவ்வளவுதான், மடங்கிவிட்டாள். பாஸ்கல் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஷட்டரை இழுத்துவிட்டான்.

"அப்படி வாங்க வழிக்கு" என்று வந்தவன் ரசீதுப் புத்தகத்தைப் பிரித்தான்.

ஃப்ளோரன்ஸ் போனை எடுத்தாள். "ஸ்டேஷனா? கம்பெனி பேர சொல்லிகினு ஒரு ஃப்ராடு வந்துகீறான். உள்ள வெச்சி பூட்டிகீறேன், சீக்கிரம் வாங்க."

அவன் துள்ளி எழுந்தான். "யாரைப் பாத்து ஃப்ராடுங்கற? செக் பண்ணிட்டுத்தானே சொல்றேன்!"

"இன்னாத்த செக் பண்ண? கஸ்டமர் மெரளக் கூடாதுன்னு மேல விண்டோஸ் மூஞ்சிய ஒட்டிகீறேன். உள்ள ஒண்ணுல கூட விண்டோஸ் கெடையாது, கீறது பூரா ஓசில கெடைக்கிற லினக்ஸு!"