மேசைக்கு அடியில்

குழந்தை நாற்காலியில் உட்காரவில்லை. கடைக்குள் நுழைந்ததும் நேராக மேசைக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டாள்.

ஆறு வயது இருக்கும். பின்தலை முடி சிக்குப் பிடித்து, ஒரே கட்டியாக இறுகிப் போயிருந்தது. உள்ளே தோல் புண்ணாகியிருந்தது.

"அஞ்சு கடை ஏறி இறங்கிட்டேங்க. தொட்டாலே கத்துறா. இன்னிக்கும் முடியலைன்னா, நாளைக்கு ஆஸ்பத்திரில மயக்க மருந்து குடுத்துத்தான் வெட்டணுமாம்," என்றாள் அம்மா.

முடிதிருத்துபவர் கதவைச் சாத்தினார். ரேடியோவை அணைத்தார். மின்விசிறியையும் நிறுத்தினார். கத்தரிக்கோலை உள்ளங்கைகளுக்குள் பொத்திக்கொண்டு, அதன் சில்லிப்பு போகும்வரை காத்திருந்தார்.

பிறகு தரையில் ஒருக்களித்துப் படுத்தார்.

அவரைப் பற்றித் தெருவில் ஒரு கேலி உண்டு. ஆள் வராத மதியங்களில் பொம்மைத் தலை ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டு, அதை ஆட்டிவிட்டு, ஆட ஆடவே வெட்டிப் பழகுவார். சில நாள் படுத்தபடி. சில நாள் இடது கையால். பன்னிரண்டு வருஷமாக இதே வேலை. "பொம்மைக்கு எப்பண்ணே கல்யாணம்?" என்பார் பக்கத்துத் தையல்கடைக்காரர். இவரும் சிரித்து வைப்பார்.

அப்படி ஆடுகிற தலை ஒன்றுகூட அதுவரை கடைக்கு வந்ததில்லை.

இப்போது குழந்தை தலையை ஆட்டினாள். கத்தரிக்கோலும் கூடவே ஆடியது. ஒரு வெட்டு. அவள் முனகினாள். அவர் கையை எடுத்துவிட்டார். அவளாகத் திரும்பும்வரை அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

மறுபடி ஒரு வெட்டு.

ஒன்றேகால் மணி நேரம் ஆனது.

கட்டி மொத்தமாகக் கழன்று விழுந்தது. குழந்தை தன் பின்கழுத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு மேசைக்கு அடியிலிருந்து கையை நீட்டி, அவருடைய கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இவளுக்கு எது ஆகாதுன்னு நான் ஒண்ணுமே சொல்லலையே... உங்க வீட்லயும் இப்படி ஒரு குழந்தை இருக்கா?"

அவர் எழுந்திருக்கவில்லை. விரலை விடுவித்துக்கொள்ளவும் இல்லை.

"இருந்துச்சும்மா," என்றார். "நாலு பேரு கையையும் காலையும் அமுக்கிப் புடிச்சுத்தான் வெட்டுவாங்க, எனக்கு."