கழற்றிக் கழற்றிப் பார்த்த கார்புரேட்டர்

ஒரு பழைய பைக்கில் பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரும், அதற்குப் போகும் காற்றை வடிகட்டும் ஏர் ஃபில்டரும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தன. மெதுவாகப் போகும்போதெல்லாம் வண்டி திணறியது. பெட்ரோல் போதவில்லை என்று மெக்கானிக் மரியதாஸ் கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோல் வரும் சின்ன ஜெட்டின் துளையைப் பெரிதாக்கினார். வண்டி முன்னைவிட மோசமாகத் திணறியது. மறுபடியும் கழற்றி, பெட்ரோல் இன்னும் கூட வரட்டும் என்று உள்ளிருந்த ஊசியை உயர்த்தி வைத்தார். கரும்புகைதான் வந்தது.

கார்புரேட்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"கேட்டதைவிடக் கூடவே கொடுக்கிறேன், அப்பவும் பத்தலைங்கிறாங்க. எங்கிட்ட என்னதான் கோளாறு, தம்பி?" என்று ஃபில்டரிடம் கேட்டது.

ஃபில்டரின் உடம்பு முழுக்க மூன்று வருஷத் தூசி அப்பியிருந்தது. மூச்சை இழுத்து இழுத்து விட்டபடி அது சொன்னது: "எனக்கென்னண்ணே தெரியும்? என்னை யாரும் ஒரு தடவைகூடத் திறந்து பார்த்ததில்லை. நான் நல்லா இருக்கப்போய்த்தானே விட்டு வச்சிருக்காங்க?"

கார்புரேட்டருக்கு அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் குழப்பம் தீரவில்லை. அதற்குள் மரியதாஸ் ஸ்பேனரோடு வந்து மூன்றாம் தடவையாகக் குந்தினார்.

ஃபில்டர் இருமிக்கொண்டே சொன்னது: "இந்தத் தடவையாவது திருந்தப் பாருங்கண்ணே."