பாய் அகலப் புல்

“எத்தனை தடவை சொல்றது? நடுவுல ஒரு பாய் அகலத்துக்குப் புல்லை விட்டுட்டு வெட்டுறதுக்குப் பேரு வேலையா?”

ஆஸ்பத்திரி மேலாளர் ஒரு கட்டம் போட்ட நோட்டுத் தாளை ஆட்டினார். புகார்ப் பெட்டியில் கிடந்தது. பெயர் இல்லை.

“பாம்பு அடையுதாம். இன்னிக்கு வெட்டலைன்னா நாளையில இருந்து வராதே.”

புல் வெட்டுபவர் மெஷினை எடுக்க வெளியே போனார்.

கையெழுத்து வாங்க வந்த லேப் அக்கா குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை.

அவளுக்கு ஞாயிறானால் மலைதான். அபூர்வமான செடி, பறவை, பூச்சி எது கண்ணில் பட்டாலும் நோட்டில் ஏறிவிடும். முந்நூறு பதிவு ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியின் பின்பக்கப் புல்லை மட்டும் லேப் ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி, அங்கே அவள் கால் வைத்ததில்லை.

வெட்டியாயிற்றா என்று பார்க்க அன்று மதியம் போனாள்.

மொட்டைத் தலையில் குடுமி மாதிரி அந்தப் புல் அப்படியே நின்றது. அதற்குள், விரல் உயரத்தில் ஒரு தரை ஆர்க்கிட். வெளிர்பச்சையில் ஏழு பூக்கள்.

ஒன்பது வருடமாக அவள் மலையில் தேடிய பூ.

மண்டியிட்டாள். அளந்தாள், படம் எடுத்தாள், தேதி போட்டாள். ‘முதலில் கண்டவர்’ என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள்.

“அதுவா மேடம்? நாலு வருஷமா வருது.”

புல் வெட்டுபவர் சட்டை மாற்றி, தோளில் பையோடு நின்றிருந்தார்.

“எப்ப முளைக்கும்னு அதுக்குத்தான் தெரியும். அதான் அந்த இடத்துல மெஷினை விடுறதில்லை.”

“மேலாளர்கிட்ட சொல்லலாமே அண்ணே?”

“சொன்னேன். பூ வேணும்னா கடையில வாங்கிக்கோன்னாரு.”

“இப்ப வேலை?”

“வெட்ட மனசு வரல. மெஷினை ஒப்படைச்சுட்டேன். நாளைக்கு வேற ஆள் வந்து வெட்டிடுவான். நீங்க நோட்டுல எழுதிட்டீங்கல்ல, அது போதும்.”

அவள் தன் பெயரை அடித்தாள். அவர் பெயரைக் கேட்டு எழுதினாள்.

“புகார் எழுதுனவங்க ஒரு தடவை குனிஞ்சு பார்த்திருக்கலாம்” என்றார் அவர்.

அவள் எழுந்து, நோட்டின் கடைசிப் பக்கங்களை விரித்துக் காட்டினாள். கட்டம் போட்ட தாள்களுக்கு நடுவில் ஒன்று கிழிக்கப்பட்டிருந்தது.

“வாங்கண்ணே, மேலாளர்கிட்ட போலாம். அந்தத் தாள்லயும் ஒரு பேரு எழுத வேண்டியிருக்கு.”