அரை நிமிட முகம்

பதினான்கு வருடம் கால்பந்து நடுக்களத்தில் ஓடியவருக்கு நாளை பிரிவு உபசார விழா. அதற்கான வீடியோவை அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கிளப் எடிட்டர் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணா, நீங்க பாஸ் கொடுத்ததும் கேமரா கோல் போட்டவன் பின்னாடியே போயிடுது. எல்லாத்துலயும் உங்க முதுகுதான் இருக்கு.”

“முகம் தெரியற மாதிரி ஒண்ணுகூடவா இல்ல?”

எடிட்டர் தயங்கினார். “ஒண்ணு இருக்கு. முழுசா அரை நிமிஷம்.”

திரையில் ஓடவிட்டார். கூட வந்திருந்த மகள் துள்ளினாள்.

“அப்பா, எல்லாரும் ஓடி வந்து உன்னைக் கட்டிப்பிடிக்கிறாங்க! நீ கோல் போட்டியா?”

“போட்டேம்மா.”

“அப்புறம் ஏன்ப்பா அழுவுற?”

“நம்ம கோலுக்குள்ளேயே போட்டுட்டேன்.”

எடிட்டர் பக்கம் திரும்பினார்.

“இதையே வெச்சிடு தம்பி. ஊருக்கு என் முகம் தெரிஞ்சதே அன்னிக்குத்தான்.”