பாடை ஏறிய பெயர்

பாடை தயாராக இருந்தது. பூமாலையும் மற்ற பெண்களும் தலைவிரி கோலமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். ஒருத்தி கண்ணிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை.

"யாரும்மா செத்தது?" என்று பஸ்ஸுக்குப் போன ஒருவர் நின்று கேட்டார்.

"ஆளு இல்லிங்க, பேரு," என்றாள் பூமாலை.

பாடையில் கிடந்தது 'கல்வராயன் சாமை' என்று எழுதிய அட்டை. மலையில் சாமை விளைவிக்கும் பெண்கள், தங்கள் சங்கத்துக்கு வைத்திருந்த வெப்சைட் பெயர் அது. அதைப் புதுப்பிக்கும் பொறுப்பு தலைவர் பகலவனுடையது. தன் பிறந்தநாள் பேனர் வேலையில் அவர் கோட்டை விட்டார். காலாவதியான பெயரை யாரோ எடுத்துக்கொண்டார்கள்.

யார் என்று தெரியவில்லை. 'ஒரே ஒரு நிபந்தனை. ஒப்புக்கொண்டால் பெயர் சங்கத்துக்கே' என்று மெயில் மட்டும் வந்தது. பகலவன் 'நிபந்தனை' என்ற சொல்லோடு படிப்பதை நிறுத்திவிட்டார். முறையாகப் புகார் கொடுத்தால் விசாரிக்க நடுவர் உண்டு. அதற்கு உட்கார்ந்து எழுத வேண்டும். பகலவனுக்கோ நின்று கத்த மட்டும்தான் வரும்.

நெட் என்றால் டெலிபோன் ஆபீஸ்தானே என்று, கள்ளக்குறிச்சி டெலிபோன் ஆபீஸ் வாசலில் உண்ணாவிரதப் பந்தல் போட்டார். தன் செலவில் வேன் வைத்துப் பெண்களை இறக்கினார். வேனில் ஆட்களைவிட அட்டைப்பெட்டிகள்தான் அதிகம். எல்லாம் கோஷ அட்டை என்று பெருமையாக நினைத்துக்கொண்டார்.

ஆபீஸிலிருந்து ஒருவர் வெளியே வந்தார். "இதுக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லிங்களே."

"அதிகார வர்க்கம் நடுங்குகிறது!" என்று மைக்கில் முழங்கினார் பகலவன்.

பூமாலை பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னாள். "அண்ணா, இந்தப் பேரு கைய வுட்டுப் போனா வியாபாரி சொல்ற வெலைக்குத்தான் சாமையக் கொட்டணும். நிபந்தனை இன்னான்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாமே?"

"சமரசமா? என் பொணத்து மேலதான்! நீ ஒரு துரோகி!"

பிறகு, நாலு வருடமாகச் சங்கத்தில் தேர்தலே நடத்தாத அந்த மனிதர், ஜனநாயகத்தைப் பற்றித் தொண்டை வற்றப் பேசினார். பாடையைக் கொளுத்தினார். 'முதற்கட்ட வெற்றி' என்று தானே அறிவித்து, தானே ஜூஸ் குடித்தார்.

பெண்கள் கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு எழுந்தார்கள். வேனிலிருந்து பெட்டிகளை இறக்கி, எதிரே இருந்த கூரியர் ஆபீஸுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பகலவன் குறுக்கே வந்து நின்றார். "இன்னாது இது?"

"சாமைதாங்கண்ணா. சென்னைக்குப் போவுது."

"ஆர்டர்தான் நின்னு பூடுச்சே?"

"யாரு சொன்னது? சைட்டுல வந்துக்கினேதான் இருக்குது."

"அது எதிரி கையில இல்ல இருக்குது!"

பூமாலை பெட்டியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நிபந்தனை இன்னான்னு நீங்க கேக்கவே இல்லியேண்ணா... தலைவர் பதவிய வுட்டு எறங்குங்க, அவ்ளோதான்!"