நடுத்தெருவுக்கு வந்த நண்டு வீடு

செங்கடலின் அடியில் ஒரு நண்டு வெகு பாடுபட்டு வளை தோண்டி முடித்தது. குடிபுகுந்த அன்றைக்கே கரையில் மோசே கோலை நீட்டினார். கடல் இரண்டாகப் பிளந்து, நண்டின் வீடு நடுத்தெருவுக்கு வந்துவிட்டது.

அடிமைத்தனத்திலிருந்து தப்பிய ஜனங்கள் பிள்ளைகுட்டிகளோடும் மூட்டை முடிச்சோடும் திபுதிபுவென்று ஓடிவந்தார்கள். நண்டு கொடுக்கைத் தூக்கிக்கொண்டு கத்தியது: “பார்த்துப் போங்கய்யா! இது வீடு! யாரைக் கேட்டுக் கடலைத் திறந்தீங்க?”

யார் காதிலும் விழவில்லை. கடைசியாக வந்த சினையாடு ஒன்றின் கால் மட்டும் வளைக்குள் வசமாகச் சிக்கிக்கொண்டது. பின்னால், அவர்களைத் துரத்தி வந்த பார்வோன் மன்னனின் தேர்கள் கடகடவென்று நெருங்கிக்கொண்டிருந்தன.

“அண்ணே, காலை விடுங்கண்ணே!” என்று ஆடு அழுதது.

“நான் எங்கே பிடிச்சேன்? நீதான் என் நடுவீட்டுல நிக்கிறே!”

“வயித்துல குட்டி இருக்குண்ணே.”

நண்டு ஆட்டின் வயிற்றைப் பார்த்தது. தன் புதுச் சுவரைப் பார்த்தது. “எல்லாம் என் தலையெழுத்து” என்று புலம்பிக்கொண்டே வீட்டை இடித்துத் தள்ளியது. கால் விடுபட்டதும் ஆடு நன்றி சொல்லக்கூட நிற்காமல் ஓடிக் கரையேறியது.

தண்ணீர் மடாரென்று திரும்பி வந்து தேர்களை மூடியது. வீடில்லாமல் மணலில் உருண்ட நண்டின் முன்னால் ஒரு தேர்ச்சக்கரம் வந்து விழுந்தது. அதன் நடுவில் அளவெடுத்துச் செய்ததுபோல் ஒரு துளை. நண்டு உள்ளே போய் உட்கார்ந்து பார்த்தது. கச்சிதமாக இருந்தது.

அந்தப் பக்கம் வந்த மீன் ஒன்று, “அடேயப்பா! இது ஏது?” என்று வாயைப் பிளந்தது.

“ஆண்டவர் அனுப்பினது,” என்றது நண்டு. “இருந்தாலும் வாசலைக் கிழக்கே பார்த்து வெச்சிருக்கலாம்.”